மூன்றாம் நாள் என்று எங்கே எழுதியிருக்கிறது?

கேள்வி: இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தது வேதத்தில் எழுதியிருந்தபடியே நடந்தது என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 15:4). மேசியா மூன்றாம் நாளில் எழுவார் என்று சொல்லும் வசனம் எதுவும் பழைய ஏற்பாட்டில் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் எதைச் சொல்கிறார்?

பதில்: சரியாகத்தான் தேடியிருக்கிறீர்கள். அப்படி நேரடியாகச் சொல்லும் வசனம் கிடையாது. வேதத்தை உண்மையிலேயே புரட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வரும் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு.

தீர்க்கதரிசனம் என்றால் நாள் குறித்துச் சொல்லும் ஆரூடம் என்று பலர் நினைக்கிறார்கள். தீர்க்கதரிசி, கடவுளின் வார்த்தையை முதலில் தம் காலத்து மக்களுக்கு எடுத்துச் சொன்னவர். உதாரணமாக, ஓசியா 6ஆம் அதிகாரத்தில் மூன்றாம் நாளில் எழுப்பப்படும் பேச்சு வருகிறது. ஆனால் அங்கே எழுப்பப்படுவது அடிபட்டுக் கிடக்கும் இஸ்ரவேல் மக்கள்.

இப்படிப்பட்ட வசனங்களை வைத்து, இயேசு எழுந்தார் என்று சீடர்கள் கதை கட்டியிருப்பார்களோ என்றும் சிலர் கேட்பார்கள். யோவான் 20ஐப் பாருங்கள். பேதுருவும் இன்னொரு சீடரும் கல்லறைக்கு ஓடுகிறார்கள். உள்ளே துணிகள் கிடக்கின்றன; தலையில் சுற்றிய சீலை மட்டும் தனியே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதுவரை அவர்களுக்கு வேதம் சொன்னது விளங்கவில்லை என்று யோவானே எழுதுகிறார். முதலில் வெறுங்கல்லறை, பிறகுதான் வேத விளக்கம்.

அந்த விளக்கம் எப்படி இருந்தது என்பதைப் பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பேசியதில் காணலாம். 16ஆம் சங்கீதத்தில் தாவீது, கடவுள் தன்னைப் பாதாளத்தில் கைவிடமாட்டார் என்று நம்பிப் பாடினார். பேதுரு கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார்: தாவீது இறந்தார், அவர் கல்லறை இன்றும் நம்மிடையே இருக்கிறது. அப்படியானால் அந்த நம்பிக்கை தாவீதோடு முடியவில்லை, இயேசுவில்தான் முழுமை பெற்றது. அப்போஸ்தலர்கள் ‘நிறைவேறியது’ என்று சொன்னது இந்தப் பொருளில்தான்.

இயேசு உயிர்த்தெழுவார் என்று சீடர்கள் ஏன் எதிர்பார்க்கவில்லை? உயிர்த்தெழுதலை நம்பிய யூதர்கள், கடைசி நாளில் எல்லாரும் ஒன்றாக எழுவார்கள் என்றே நம்பினார்கள். லாசருவின் சகோதரி மார்த்தாள் இயேசுவிடம் சொன்னதும் அதுதான். இறந்த லாசருவை இயேசு எழுப்பினாரே என்பீர்கள். அவர் திரும்பியது பழைய வாழ்க்கைக்கு, மறுபடி இறக்க வேண்டியவராக. இயேசு எழுந்தது இனிச் சாவே தொடாத வாழ்வுக்கு. கடைசி நாளில் நடக்க வேண்டியது ஒருவருக்கு மட்டும் முன்கூட்டியே நடந்துவிட்டது!

இதைச் சொல்லத்தான் பவுல் 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தின் 20ஆம் வசனத்தில் இயேசுவை முதற்பலன் என்கிறார். முதற்பலன் என்பது அறுவடையின் முதல் கதிர்க்கட்டு. ஓய்வுநாளுக்கு மறுநாள் ஆசாரியர் அதைக் கடவுள்முன் அசைவாட்ட வேண்டும் என்கிறது லேவியராகமம் 23. இயேசு எழுந்ததும் ஓய்வுநாளுக்கு மறுநாள்தான். முதல் கட்டு வந்துவிட்டால் வயலில் நிற்கும் மற்றக் கதிர்களும் அறுவடைக்கு வரும். ஓசியா ஒரு மக்கள்கூட்டம் எழுப்பப்படுவதைச் சொன்னார், பவுல் ஒருவர் எழுந்ததைச் சொல்கிறார். அந்த ஒருவருக்குப் பின்னால் அவருடையவர்கள் எல்லாரும் எழுவார்கள் என்பதால் பவுலுக்கு இரண்டும் ஒரே வாக்குறுதிதான்.