வேலையை விட்டால்தான் நாவல் வருமா?

புத்தகக் காட்சி முடிந்த கையோடு இந்தப் பேச்சு கிளம்பும். “மனசுல ஒரு நாவல் இருக்கு சார், இந்த வேலை மட்டும் இல்லேன்னா…” என்று தொடங்குவார்கள். வங்கிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், ஐ.டி. கம்பெனிக்காரர் என்று ஆள் மாறுமே தவிர, வசனம் மாறாது. குறும்படம் எடுக்க நினைப்பவர்களும், படம் வரைகிறவர்களும், பாதியில் விட்ட வீணையை மறுபடி எடுக்க ஆசைப்படுபவர்களும் இதையே வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். இந்தப் புலம்பலில் பாதி நிஜமான கஷ்டம். மீதிப் பாதி, எங்கோ கேட்டு அப்படியே நம்பிவிட்டது.

நம்பிக்கை: வேலையை விட்டால்தான் பெரிய படைப்பு வரும்.

நம் அலமாரியே இதற்கு எதிர்சாட்சி. சுஜாதா, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர். தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு வானொலிக்குப் போனவர். வண்ணதாசன் ஸ்டேட் பாங்க்காரர். நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர். தோப்பில் முஹம்மது மீரானுக்கு மிளகாய் வற்றல் வியாபாரம், மேலாண்மை பொன்னுச்சாமிக்குக் கிராமத்தில் மளிகைக்கடை, இமையத்துக்குப் பள்ளிக்கூடம். இந்தப் பட்டியலில் சாகித்திய அகாதெமி விருது வாங்காதவர் சுஜாதா ஒருவர்தான். அது அகாதெமியின் கணக்கு. வாசகர்கள் வைத்திருக்கும் கணக்கு வேறு.

வேலையை விட்டவரும் உண்டு. ஜெமினி ஸ்டூடியோவில் பதினான்கு ஆண்டு போல் இருந்த அசோகமித்திரன் 1966இல் அதை விட்டுவிட்டு முழுநேர எழுத்துக்கு வந்தார். அதன் பிறகு நடந்தது சொகுசுக் கதையல்ல. வீட்டில் உட்கார்ந்து எழுத வசதிப்படாமல் தி.நகர் நடேசன் பூங்காவுக்குப் போய் எழுதியவர் அவர். ‘கரைந்த நிழல்கள்’ நாவலுக்கு வேண்டிய உலகத்தை அவருக்குக் கொடுத்ததும், அவர் உதறிவிட்டு வந்த அதே ஸ்டூடியோதான். ஆதவனின் ‘காகித மலர்கள்’ நாவலுக்கு டெல்லி உத்தியோக வாழ்க்கை கொடுத்ததும் இதைத்தான். மேலதிகாரி அறைக்குள் நுழையும்போது ஒரு மனிதனின் முதுகு எப்படி வளைகிறது என்பதைப் பார்க்க ஆபீஸை விட நல்ல இடம் கிடையாது.

காசுக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். 250 ரூபாய் புத்தகம், பத்து விழுக்காடு ராயல்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதிக்கு 25 ரூபாய். ஐநூறு பிரதி விற்றால் 12,500 ரூபாய். மூன்று வருஷ உழைப்புக்கு, சென்னையில் ஒரு மாத வாடகைகூடத் தேறாது. ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் இந்த நம்பிக்கையைச் சுத்தப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. பூமணி கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்த காலத்தில் எழுதியவை ‘பிறகு’, ‘வெக்கை’ போன்ற அளவான நாவல்கள். பின்னது 2019இல் ‘அசுரன்’ படமானது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் ‘அஞ்ஞாடி’ 2012இல், அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது. ஆவணம் தேடி அலைந்து, பல தலைமுறைகளை ஒன்றாகக் கோக்கும் வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்காது. வேலையில் இருப்பவர் முதல் புத்தகத்துக்கே ‘அஞ்ஞாடி’ அளவைக் குறிவைத்துவிட்டு, ஆபீஸ் தன் கையைக் கட்டிவிட்டது என்று புலம்புவதில் எனக்கு அனுதாபம் இல்லை. கையில் இருக்கும் நேரத்துக்கு ‘வெக்கை’ அளவில் ஒன்று நினைத்துப் பார்க்கலாமே.

நம்பிக்கை: தினமும் எழுதாவிட்டால் கை போய்விடும்.

அ. முத்துலிங்கத்தின் முதல் தொகுதி ‘அக்கா’ 1964இல் வந்தது. அடுத்த தொகுதி ‘திகடசக்கரம்’ 1995இல். நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்காளர் வேலை, ஐ.நா. வேலை, ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாகப் பல நாட்டு வாசம். திரும்பி வந்தபோது கை போயிருந்ததா என்பதை அவரை வாசித்தவர்கள் சொல்லட்டும். பிள்ளைகள் சிறிசாக இருக்கும் நாலைந்து வருஷம் எழுத முடியவில்லை என்று குற்ற உணர்ச்சியில் புழுங்குகிறவர்கள் 1964, 1995 என்ற இந்த இரண்டு வருஷங்களையும் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளலாம். இசையும் நடனமும் வேறு; அங்கே உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போகும், சாதகம் வேண்டும். எழுத்துக்கு அந்தச் சட்டத்தை அப்படியே பொருத்துவதுதான் தப்பு.

விட்டு விட்டு எழுதுகிறவர்களின் உண்மையான தொல்லை இன்னொன்று. உட்கார்ந்ததும் எங்கே நிறுத்தினோம் என்று தேடுவதிலேயே கிடைத்த அரை மணியில் இருபது நிமிஷம் போய்விடுகிறது. இதற்கு மருந்து எளிது. எழுந்திருக்கும்போது, அடுத்து வரப்போவது என்ன என்று ஒரே ஒரு வரி குறித்துவைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். ‘அத்தை வந்து கதவைத் தட்டுகிறாள், இவன் திறக்கவில்லை’ என்று இருந்தால் போதும். மறுநாளோ மறுவாரமோ கதவு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம்.

நம்பிக்கை: விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் எல்லாம் நடக்கும்.

இரவு ஒன்பதுக்குப் படுக்கிறவருக்கு நடக்கும். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதுதான் தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பதினொன்றரைக்குப் படுத்துவிட்டு நாலுக்கு அலாரம் வைப்பவர் நேரத்தைச் சம்பாதிக்கவில்லை, கடன் வாங்குகிறார். அந்தக் கடனை அன்று மாலை வீட்டில் எரிந்து விழுந்து அடைக்கிறார். காலையில் மூளை விழிப்பவர் உண்டு, ராக்கோழியும் உண்டு. யூடியூப்பில் யார் என்ன சொன்னாலும் இது மாறாது.

நம்பிக்கை: அரசு வேலையில் இருப்பவர் எழுதக் கூடாது, கம்பெனி வேலையில் இருப்பவர் எழுதினால் அது கம்பெனிக்குச் சொந்தம்.

இரண்டும் பாதி உண்மை, அதனாலேயே ஆபத்து. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 15ஆவது விதி, இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்து எப்போதாவது செய்யும் பணிக்கு முன் அனுமதி தேவையில்லை என்கிறது. அலுவலக வேலை கெடக் கூடாது, அரசு நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்பவை நிபந்தனைகள். அரசை விமர்சித்து எழுதுவது வேறு விவகாரம். அதற்கு 9ஆவது விதி குறுக்கே நிற்கும். மாநில அரசு ஊழியர்களுக்குத் தனி விதிகள் உண்டு, அவற்றை அவரவர் படித்துக்கொள்வது நல்லது.

தனியார் வேலை என்றால் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17. வேலையின் பகுதியாகச் செய்தது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிக்கு. வேலைக்குத் தொடர்பில்லாமல் உங்கள் நேரத்தில் நீங்கள் எழுதிய கவிதை உங்களுக்கு. ஆனால் சில கம்பெனிகள் பணிநியமன ஒப்பந்தத்தில் இதைவிட அகலமாக வலை விரித்திருக்கும். கையெழுத்துப் போட்ட அன்று யாரும் படிப்பதில்லை. இன்று எடுத்துப் படியுங்கள். கம்பெனி மடிக்கணினியில் உங்கள் நாவலைத் தட்டச்சு செய்யவே வேண்டாம். சட்டத்தின் கண்ணில் கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான் என்பதால், வீட்டில் சொந்தமாகச் செயலி உருவாக்குகிறவர்கள் கவிஞர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய இடம் இது.

நம்பிக்கை: மனமிருந்தால் நேரம் தானாகக் கிடைக்கும்.

இதுதான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் கேட்க நன்றாக இருக்கிறது. நேரம் தானாகக் கிடைக்காது. யாராவது கொடுக்க வேண்டும்.

இரவு ஒன்பதரை மணி வீட்டைப் பாருங்கள். எழுத நினைக்கிறவர் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியைத் திறக்கிறார். எழுத்தாளருக்கு நேரம் கிடைத்துவிட்டது. அடுக்களையில் அதே நேரம் கிரைண்டரிலிருந்து இட்லி மாவு வழிக்கப்படுகிறது, பால் உறை ஊற்றப்படுகிறது, டிபன் டப்பாவின் காணாமல் போன ரப்பர் வளையம் தேடப்படுகிறது, பையனின் கணக்கு நோட்டில் பெற்றோர் கையெழுத்து போடப்படுகிறது. “சத்தம் போடாதே, அப்பா எழுதறாங்க” என்ற குரலும் அங்கிருந்துதான் வருகிறது.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழித்தார்கள். செய்த ஆண்கள் 97 நிமிடம். ‘செய்த ஆண்கள்’ என்பதைக் கவனியுங்கள்: பெண்களில் 81 விழுக்காட்டினர் வீட்டு வேலை செய்தார்கள், ஆண்களில் 26 விழுக்காட்டினர்தான். 2024 கணக்கெடுப்பில் 289, 88. ஐந்து வருஷத்தில் இடைவெளி ஒரு நிமிடம் சுருங்கியிருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கும் மேலான இந்த வித்தியாசத்துக்குள் ஒரு சிறுகதையின் முதல் வரைவு சௌகரியமாக உட்கார்ந்துவிடும்.

மனம் மட்டும் போதும் என்றால், துவரங்குறிச்சியில் எழுத்தாளர் சல்மாவுக்கு அது குறைவாகவா இருந்தது? பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு எழுதுவதற்கு வீட்டில் எதிர்ப்பு. ராத்திரியில் குளியலறைக்குள் ஒளிந்து எழுதியதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருடைய நாவல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வந்தது 2004இல். இதைத் தன்னம்பிக்கைக் கதையாக மேடையில் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எழுதுவதற்காக ஒருவர் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டியிருந்தது என்பது அந்த வீட்டின் மேல் வைக்க வேண்டிய குற்றச்சாட்டு. இன்னொரு பக்கம் ராஜம் கிருஷ்ணன். பதினைந்து வயதில் கல்யாணம், கல்லூரிப் படிப்பு கிடையாது. மின்துறையில் இருந்த கணவருக்கு மாற்றலான ஊர்கள் அவருக்கு நாவலின் களங்களாயின; நீலகிரியில் பார்த்த படகர் வாழ்க்கை ‘குறிஞ்சித்தேன்’ ஆனது. குடும்பம் குறுக்கே வரும் என்பது விதி அல்ல. எந்தக் குடும்பம் என்பதுதான் கேள்வி.

முன்னே சொன்ன சுஜாதாவின் நிஜப்பெயர் ரங்கராஜன்; தன் மனைவியின் பெயரைத்தான் அவர் புனைபெயராக வைத்துக்கொண்டார். அப்படியாவது ஒரு மனைவியின் பெயர் புத்தக அட்டையில் வந்தது. மற்ற புத்தகங்களில் நன்றியுரையின் கடைசி வரிதான் கதி.

ஆகவே, எழுத நேரமில்லை என்று அலுத்துக்கொள்ளும் கணவன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மனைவிக்கும் பாதியில் நின்ற பாட்டோ, கோலப் புத்தகமோ, கதை நோட்டோ இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அவருக்கு, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் உங்களுக்கு என்று காலண்டரில் குறியுங்கள். சனிக்கிழமைச் சமையலும் பிள்ளைகளும் உங்கள் பொறுப்பு. உப்பு டப்பா எங்கே என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள்.