டோல் கார்டுக்குள் ஒரு விதி



படிவம் 5 இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் பாடம் வந்ததும், "இதெல்லாம் நமக்கு வராது" என்று ஒதுங்கிவிடும் பிள்ளைகளை ஜாசின், அலோர் காஜா பக்கம் நிறையப் பார்க்கிறேன். பொறியியல் படிக்கும் அண்ணனாகச் சொல்கிறேன்: முதலில் வாக்கியமாகப் புரிஞ்சுக்குங்க. குறியீடு அப்புறம் வரட்டும்.

மின்சாரம், காந்தம் இரண்டையும் ஒன்றாக விளக்குபவை மேக்ஸ்வெல்லின் நான்கு சமன்பாடுகள். அவற்றை இப்படிச் சொல்லலாம்:

1. மின்னூட்டம் இருந்தால் அதைச் சுற்றி மின்புலம் இருக்கும்.
2. காந்தத்தை எத்தனை துண்டாக்கினாலும் ஒவ்வொரு துண்டிலும் வட துருவம், தென் துருவம் இரண்டும் இருக்கும்.
3. மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும்.
4. மின்னோட்டமும், மாறும் மின்புலமும் காந்தப்புலத்தை உண்டாக்கும்.

மூன்றாவதைப் பார்ப்போம். ஆயர் குரோ டோலில் அப்பா டச் என் கோ கார்டைக் காட்டுகிறார். அதில் பேட்டரி கிடையாது. அப்போ உள்ளே இருக்கும் சிப்புக்கு மின்சாரம் எங்கிருந்து வருது?

கார்டுக்குள் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. டோல் கருவி உண்டாக்கும் காந்தப்புலம் விநாடிக்கு 13.56 மில்லியன் தடவை ஏறி இறங்குகிறது. அந்த மாற்றம் சுருளில் மின்சாரத்தைத் தூண்ட, சிப் வேலை செய்கிறது. கார்டைத் தள்ளிப் பிடித்தால் அங்கே காந்தப்புலம் வலுவிழந்துவிடும்; சிப் எழும்பாது.

எவ்வளவு பெரிய காந்தமானாலும் சும்மா இருந்தால், அசையாத சுருளில் ஒன்றும் நடக்காது. மாற்றம்தான் முக்கியம். எஸ்பிஎம் தேர்வில் காரணம் கேட்டால் "காந்தப்புலம் இருப்பதால்" என்று எழுதாதீங்க. "மாறுவதால்" என்று எழுதுங்க.

1831-இல் இதைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியபோது, அங்கே வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தார். உயர்கணிதம் படித்தவரல்ல. அவர் சொல்லாலும் படத்தாலும் விளக்கியதை மேக்ஸ்வெல் கணிதமாக்கினார். "மாறும் மின்புலமும்" என்று நான்காம் விதியில் சேர்த்தவரும் அவரே. மூன்றும் நான்கும் சேர்ந்தால் அலை பிறக்கும் என்று கணக்குக் காட்டியது. அதன் வேகம் ஒளியின் வேகத்தோடு பொருந்தியது. ஒளியே மின்காந்த அலை என்று 1865-இல் எழுதினார். அப்படிப்பட்ட அலையைத்தான் 1895-இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் சுவரைத் தாண்டி அனுப்பி மணியடிக்க வைத்தார்.

இந்த வாரம் ஒரு வேலை: பாடத்தில் உள்ள ஒவ்வொரு சூத்திரத்துக்கும் பக்கத்தில், தமிழில் ஒரே ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்க. எழுத வராத இடம்தான் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய இடம். கூச்சப்படாமல் கேளுங்க.