லூசியாளின் விளக்கும் விருந்தாக வந்த அம்மம்மாவும்



நம்மவர் பிள்ளைகள் சிலர் சுவீடன் நாட்டில் குடியேறி வாழ்கின்றனர். மார்கழியில் அவர்களிடம் செல்லும் தாய்க்கு அங்குள்ள நத்தார் வழக்கங்கள் புதுமையாயிருக்கும். “அம்மாவுக்கு இதெல்லாம் விளங்காது” என்று மகள் பேசாதிருந்தால், தாய் மூலையில் அமர்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இது முறையாகுமா?

இருளும் விளக்கும்

அம்மாதத்தில் ஸ்ரொக்ஹோம் நகரில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். வடக்கே கிருனாவில் சில வாரங்கள் சூரியன் உதிப்பதேயில்லை. ஆகவே அங்குள்ள வழக்கங்கள் பல விளக்கைச் சுற்றியே அமைந்துள்ளன. திருவருகைக்கால ஞாயிறுகள் நான்கிலும் வாரத்துக்கு ஒன்றாக மெழுகுதிரி ஏற்றுவர். சாளரங்களில் கடதாசி விண்மீன்கள் ஒளிரும். விருந்தினருக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். மற்றவை எளிதில் விளங்கும்.

மார்கழி 13

அன்று புனித லூசியாளின் நாள். விடியுமுன் வெண்ணுடையும் சிவப்பு இடைக்கச்சையும் அணிந்து, தலையில் விளக்கு முடி சூடிய சிறுமி ஒருத்தி பாடிக்கொண்டு வருவாள். பின்னால் தோழியரும், கூம்புத் தொப்பியணிந்த சிறுவர்களும் வருவர். குங்குமப்பூ சேர்த்த பணிசும் கோப்பியும் பரிமாறப்படும். பழைய பஞ்சாங்கப்படி அதுவே ஆண்டின் மிக நீண்ட இரவு என மக்கள் எண்ணினர். 1927ல் ஸ்ரொக்ஹோமில் ஒரு பத்திரிகை நடத்திய போட்டிக்குப் பின் இவ்வழக்கம் நாடெங்கும் பரவியது.

சுவீடன் 16ம் நூற்றாண்டில் உரோமையிலிருந்து பிரிந்து லூத்தரன் வழியைத் தழுவிய நாடு. இன்று அங்கு பலருக்கு இது பக்தி முயற்சியன்று. இனிய பழைய வழக்கம் மட்டுமே. பாடசாலையில் பேத்தி பாட்டையும் நடையையும் பழகி வருவாள். லூசியாள் யார் என்பதை அவளுக்கு யார் சொல்வது?

இங்கேதான் அம்மம்மா தேவைப்படுகிறார். கொட்டாஞ்சேனைப் பேராலயம் லூசியாளின் பெயரைத் தாங்கி நிற்பதை அவர் அறிவார். கண்நோய் வந்தால் யாரை மன்றாடுவது என்பதும் அவருக்குத் தெரியும். சிசிலியின் சிரக்கூசா நகரில், 304ம் ஆண்டளவில், தியோக்கிளேசியன் காலத்தில் உயிர்கொடுத்த வேதசாட்சி அவள். சிவப்புக் கச்சை அந்த இரத்தத்தின் அடையாளம் என்பர். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவருக்கு உணவு கொண்டு செல்கையில், கைகள் சுமையேந்தியதால் விளக்கைத் தலையில் அணிந்தாள் என்பது மரபுக் கதை. வழக்கத்தின் ஒரு பாதி பேத்தியிடமும் மறுபாதி அம்மம்மாவிடமும் இருக்கின்றன!

ஆகையால் அவரைப் பார்வையாளராக வைக்காதீர்கள். முதல் நாள் மா குழைக்கும்போது அவரையும் அழையுங்கள். பணிசைச் சுருட்டி, இரு முனையிலும் முந்திரிகை வற்றல் பதிக்கட்டும். மார்கழி 24ல் பாலில் வேகவைக்கும் சோற்றுக்குள் ஒரேயொரு வாதுமைப் பருப்பை ஒளித்து வைப்பதும் அங்குள்ள வழக்கம். அது யாருக்குக் கிடைக்கும் என்று அவரும் காத்திருக்கட்டும். தை 13ல் மரத்தின் சோடனையைக் களையும்போது அவர் கையும் சேரட்டும்.

பயணம் செல்லும் பெற்றோரே, நீங்களும் “இது நம் வழக்கமல்ல” என்று ஒதுங்காதீர்கள். “இது ஏன்?” என்று பேரப்பிள்ளையிடமே கேளுங்கள். பிள்ளை பதில் தேடும். தேடியது மனதில் நிற்கும்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டு நத்தார் வழக்கங்களில் எவற்றின் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

2. வீட்டுக்கு வரும் உறவினருக்கு உணவு கொடுக்கிறோம். கூடிச் செய்ய ஒரு வேலையும் கொடுக்கிறோமா?