கடைசி மூன்று மாத செக்கப்: அலைச்சலும் செலவும் குறைய 12 குறிப்புகள்

தலைப்பிரசவம் என்றால் கடைசி மூன்று மாதமும் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். 28 வாரத்துக்குப் பிறகு பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 36 வாரம் தாண்டினால் வாராவாரம் செக்கப். சிங்கப்பூரில் 1924 முதல் பிரசவம் பார்த்துவரும் கேகே மருத்துவமனை தேக்காவிலிருந்து நடக்கிற தூரம்தான். கொஞ்சம் முன்யோசனை இருந்தால் நேரம், காசு, உடம்பு மூன்றும் மிச்சம். வேறு மருத்துவமனைக்குப் போகும் தோழிகளுக்கும் இவை கைகொடுக்கும்.

1. அடுத்த செக்கப்புக்கு நாள் குறிக்கும்போதே காலையில் முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். நேரம் ஆக ஆகத்தான் கூட்டமும் காத்திருப்பும் கூடும். எப்போதும் ஒரே கிழமையாக அமைந்தால் வீட்டுக்காரர் லீவு போடவும் வசதி.

2. முழு கவுனைவிட, சுடிதார்போல் மேலும் கீழும் தனித்தனியாக உள்ள உடுப்புதான் நல்லது. வயிற்றை மட்டும் காட்டினால் போதும். கை தளர்வாக இருந்தால் ரத்த அழுத்தப் பட்டை கட்டும்போது மடக்கி மல்லுக்கட்ட வேண்டாம். சாயங்காலத்துக்குள் கால் வீங்கிவிடும், அதனால் குனியாமல் மாட்டிக்கொள்ளும் செருப்பாகப் பாருங்கள்.

3. போனதுமே சிறுநீர் கேட்பார்கள் என்பதால், வரும் வழியிலேயே தண்ணீர் குடித்துக்கொண்டு வாருங்கள். ரத்த அழுத்தம் பார்க்குமுன் ஐந்து நிமிடமாவது சாய்ந்து உட்காருங்கள். எம்ஆர்டியிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்த உடனே பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், மறுபடி உட்காரவைத்துப் பார்ப்பார்கள்.

4. குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிய வயிற்றில் இரண்டு பட்டை கட்டி அரைமணி நேரம் வரை படுக்கவைப்பதுண்டு. கூப்பிடுவதற்கு முன்பே கழிவறைக்குப் போய் வந்துவிடுங்கள். ஏசி குளிருக்கு ஒரு பருத்தித் துப்பட்டா இருந்தால் போதும். மடித்து இடுப்புக்கு அணையும் கொடுக்கலாம்.

5. கையில் சுண்டல், பேரீச்சம்பழம், வறுத்த கடலை என்று ஏதாவது ஒரு டப்பா இருக்கட்டும். பசி வந்து கேன்டீனுக்குப் போன நேரம் பார்த்து உங்கள் எண்ணைக் கூப்பிடுவார்கள். வெள்ளியும் மிச்சம், வரிசையும் தவறாது.

6. இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போட்டால் உடம்பில் நன்றாகச் சேரும். டீ, காப்பி, பால் எதுவானாலும் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கால்சியம் மாத்திரைக்கும் வேறு வேளை ஒதுக்குங்கள். தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை வாங்கிப் பொரியல் செய்கிற அன்று கூடவே தக்காளி ரசம் வையுங்கள், இதே கணக்குதான்.

7. டாக்டரைப் பார்த்ததும் பாதிக் கேள்வி மறந்துபோகும். தோன்றும்போதே போனில் எழுதி, முக்கியமானதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். கக்குவான் தடுப்பூசி போட்டாயிற்றா, 35 முதல் 37 வாரத்தில் எடுக்கும் ஜிபிஎஸ் கிருமிப் பரிசோதனை உண்டா என்ற இரண்டும் அதில் கட்டாயம் இருக்கட்டும்.

8. தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்ட பிறகு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் குழந்தையின் அசைவைக் கவனியுங்கள். வழக்கத்தைவிடக் குறைவாகத் தெரிந்தால் அடுத்த செக்கப் வரட்டும் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடாத தலைவலி, கண்ணில் மின்னல், திடீர் முகவீக்கம், ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு ஆகியவற்றுக்கும் இதேதான், அவசரமென்றால் 995.

9. ரயிலில் வயிற்றைக் காட்டி இடம் கேட்கக் கூச்சமா? எம்ஆர்டி நிலையத்தின் பயணிகள் சேவை மையத்தில் கேட்டால், உட்கார இடம் வேண்டும் என்று சொல்லும் ஒட்டுவில்லை தருவார்கள். சட்டையில் ஒட்டிக்கொண்டால் போதும், வாய் திறக்கவே வேண்டாம்.

10. பிரசவத்துக்கு முந்தைய செக்கப், ஸ்கேன் செலவுகளுக்கும் மெடிசேவ் மகப்பேறுத் திட்டத்தில் பணம் எடுக்க வழி உண்டு, அதனால் ஒரு பில்லையும் தூக்கி எறியாதீர்கள். பில் தாளில் எழுத்து மங்கிவிடும், அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். எப்படி, எப்போது கேட்பது என்பதைப் பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையின் கவுன்டரில் முன்கூட்டியே விசாரித்துவிட்டால் கடைசி நேர ஓட்டம் இல்லை.

11. செக்கப் முடிந்த கையோடு தேக்கா வேலையையும் முடித்துவிடலாம். சுக்கு, மிளகு, கண்டந்திப்பிலி, பெருங்காயம் போன்ற பத்தியச் சாமான்கள் கெடாதவை. வாரம் ஒன்றாக வாங்கினால் கையும் கனக்காது, பணமும் ஒரேயடியாகப் போகாது. வளைகாப்பு வளையலை ஓர் அளவு பெரிதாக எடுங்கள். கை வீங்கினாலும் கழற்ற வரும், அறுவை அறைக்குள் எந்த நகையும் போட விடமாட்டார்கள். மோதிரத்தை எட்டாம் மாதமே கழற்றி வைத்துவிடுங்கள்.

12. ஒரு செக்கப் நாளில் வீட்டுக்காரரையும் கூட்டிப்போய், நடுராத்திரியில் வலி வந்தால் எந்த வாசல், எந்த மாடி என்று நடந்தே பார்த்துவிடுங்கள். குழந்தையின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். பிறந்த 42 நாளுக்குள் லைஃப்எஸ்ஜி செயலியில் பதிய வேண்டும். சிங்கப்பூர்க் குடியுரிமை பெறும் குழந்தையென்றால் பேபி போனஸ் விண்ணப்பத்தையும் கூடவே முடித்துவிடலாம். முதல் பிள்ளைக்கு 11,000 வெள்ளி ரொக்கம், விட்டுவிடாதீர்கள்!