முழங்காலின் கோணமும் அளவையின் நம்பகமும்

(இரண்டாம் ஆண்டு, இளநிலை இயற்பியல்)

அளவை இன்றி அறிவியல் இல்லை. ஆயினும் ஓர் எண்ணை எழுதிவிட்டால் மட்டும் அளவை முடிந்துவிடுவதில்லை. அவ்வெண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கூறினால்தான் அது நிறைவுறும். ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையாளும்போது நாம் கற்கும் இப்பாடம், மனித உடலை அளக்கும்போதும் பொருந்துமா? முழங்கால் மூட்டை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

அளக்கும் முறை

காலை நேராக நீட்டிய நிலை 0 டிகிரி ஆகும். நலமான முழங்கால் ஏறத்தாழ 135 டிகிரியும் அதற்கு மேலும் மடங்கும். சமதரையில் நடக்க 60 டிகிரிக்குச் சற்று மேல் போதும். நாற்காலியில் அமர்ந்து எழ 90 டிகிரிக்கு மேல் வேண்டும். குந்தி உட்கார அதனினும் மிகுதியாக வேண்டும்.

இதை அளக்க மருத்துவமனைகளில் பயன்படுவது கோனியோமீட்டர். இரண்டு நீண்ட கைகள் பூட்டிய கோணமானி என்று இதைச் சொல்லலாம். முழங்காலின் வெளிப்புற எலும்புப் புடைப்பில் மையத்தை வைத்து, ஒரு கையைத் தொடையின் மேல்முனையில் பக்கவாட்டில் தட்டுப்படும் எலும்பை நோக்கியும், மறு கையை வெளிக் கணுக்காலை நோக்கியும் நிறுத்திக் கோணத்தைப் படிப்பார்கள்.

பிழை நுழையும் வழி

கருவியில் 1 டிகிரிக்கு ஒரு கோடு இருப்பதால் 1 டிகிரி வரை துல்லியம் கிடைக்கும் என எண்ணலாகாது. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை 40 செ.மீ. எனக் கொள்வோம். கணுக்கால் குறி 1 செ.மீ. விலகினால் 1.4 டிகிரி பிழை உண்டாகும். தொடையின் நீளமும் 40 செ.மீ. என்றால், சதைக்குள் மறைந்த மேல் எலும்பின் குறி 2 செ.மீ. விலகும்போது மேலும் 2.9 டிகிரி பிழை வரும். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் 4 டிகிரியைத் தாண்டிவிடும். மேலும், முழங்கால் கதவுக் கீல் போன்றதன்று. தொடை எலும்பு உருண்டும் வழுக்கியும் நகர்கிறது என்பதை ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் 1836-லேயே விளக்கினர். ஆகவே கருவியின் மையத்தை வைப்பதற்கு நிலையான ஒரே அச்சு அங்கு இல்லை.

துல்லியம் வேறு, நம்பகம் வேறு. நாள்தோறும் சரியாக ஐந்து நிமிடம் முந்தும் கடிகாரம் நம்பகமானது, துல்லியமானது அன்று. 1983-இல் ரோத்ஸ்டீன் முதலானோர் அமெரிக்காவில் செய்த ஆய்வில், ஒருவரே திரும்ப அளந்த அளவுகள் மிக நன்றாக ஒத்துப்போயின. வெவ்வேறு நபர்கள் அளந்தபோது, முழங்காலை மடக்கும் அளவைவிட நீட்டும் அளவில் ஒப்புமை குறைந்தது. கண்ணால் பார்த்து மதிப்பிடுவதைவிடக் கருவியால் அளப்பதே நம்பகமானது என்பதை வாட்கின்ஸ் குழுவினர் 1991-இல் காட்டினர்.

தொழிற்சாலை தரும் பாடம்

ஓசூரின் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோருக்கு இது புதிதன்று. அளக்கும் முறையையே சோதிக்கும் 'கேஜ் ஆர் அண்டு ஆர்' என்றொரு சோதனை அத்துறையில் உண்டு. ஒரே உதிரிபாகத்தை ஒருவர் பலமுறையும், பலர் தனித்தனியாகவும் அளப்பர். மொத்த வேறுபாட்டில் அளவையால் வருவது 10 சதவீதத்திற்குக் கீழ் இருந்தால் ஏற்பர். 30 சதவீதத்தைத் தாண்டினால் அம்முறையைத் தள்ளுவர்.

உதிரிபாகத்துக்கு உள்ள இந்தச் சோதனை அதைச் செய்பவரின் முழங்காலுக்கும் வேண்டாமா? எல்லையில் வாழும் நம் மக்கள் ஓசூரில் சிகிச்சையைத் தொடங்கிப் பெங்களூரில் தொடர்வது உண்டு. பிரஸ் இயந்திரத்தில் வேலை செய்து முழங்காலில் அடிபட்ட என் பெரியப்பாவிடமும் அப்படி இரண்டு சீட்டுகள் உள்ளன. ஒன்றில் 105 டிகிரி; மற்றொன்றில் 95 டிகிரி. குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் என்பதால் அவற்றை என்னிடம் நீட்டி, "பத்து டிகிரி கொறஞ்சிபோச்சாப்பா?" என்று கேட்டார். படுத்த நிலையா, உட்கார்ந்த நிலையா, தாமே மடக்கினாரா, பிறர் மடக்கினார்களா, எக்கருவி என எதுவும் அவற்றில் இல்லை. இவை தெரியாமல் மூட்டு இறுகிவிட்டது என்றோ இல்லை என்றோ சொல்ல இயலாது.

இது வெறும் எண் விளையாட்டு அன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 40 சதவீதம் என்பது பல சலுகைகளுக்கான வரம்பு. கை கால் இயக்கக் குறைபாட்டைக் கணக்கிடும்போது மூட்டின் அசைவும் கணக்கில் சேர்கிறது. வரம்பின் ஓரத்தில் நிற்பவருக்குச் சில டிகிரிகளே வாழ்வை மாற்றக்கூடும்.

புதிய கருவிகள்

இன்று செல்பேசிச் செயலியாலும் கோணம் அளக்கிறார்கள். புவியீர்ப்புத் திசையை உணர்ந்து சாய்வைக் காட்டும் முறை இது. உடலில் கட்டும் உணரிகள் சில காந்தப்புலத்தையும் பயன்படுத்துவதால், இரும்பு இயந்திரங்களுக்கு அருகில் அவை தடுமாறும். கேமரா முறையில் தோலில் ஒட்டிய குறிகள் எலும்போடு அல்லாமல் தோலோடு நகரும். எக்ஸ்ரே எலும்பையே காட்டும். ஆனால் கதிர்வீச்சு காரணமாக அடிக்கடி எடுக்கலாகாது. எனவே கருவி புதிதாவதால் மட்டும் பிழை நீங்கிவிடாது.

ஒரே நபர், ஒரே கருவி, ஒரே உடல்நிலை, மூன்று அளவுகளின் சராசரி ஆகிய எளிய ஒழுங்குகளைக் கடைப்பிடித்து, அவற்றைச் சீட்டிலும் எழுதிவைத்தால் பெரும்பகுதி குழப்பம் தீரும். நண்பர்களே, நாம் செய்முறைப் பதிவேட்டில் விடைக்குப் பக்கத்தில் பிழையையும் எழுதுவது மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று. அந்தப் பழக்கம் மருத்துவச் சீட்டுக்கும் சென்று சேர்ந்தால், உழைப்பவரின் உரிமைக்கு அதுவும் ஒரு காவலாகும்.