கடல் கடவாத கல்வி

பல்கலைக்கழக மாணவர்களுக்கு உலகளாவிய திறன் வேண்டும் என்று இக்காலத்தில் எல்லாரும் சொல்லுகிறார்கள். அதைப் பெறும் வழி என்னவென்று கேட்டால், பெரும்பாலோர் வெளிநாட்டுப் பிரயாணம் ஒன்றையே காட்டுகிறார்கள். 1987-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தால் லட்சக்கணக்கான வித்தியார்த்திகள் அயல்தேசம் சென்று படித்துத் திரும்பியிருக்கிறார்கள் என்பது மெய்யே. ஆனால் அதே ஐரோப்பாவில், சுவீடன் தேசத்து மால்மோ நகரில் 1998-ல் புதிய பல்கலைக்கழகம் தோன்றியபோது, அதன் அயல்நாட்டு விவகாரங்களைக் கவனித்த பெங்த் நில்சன் என்பவர், தம் மாணவர்களில் பெரும்பாலோர் எங்கும் போகப்போவதில்லை என்பதை உணர்ந்து, பல தேசத்தாரும் குடியேறி வாழும் அந்நகரத்தையே அவர்களுக்குப் பாடசாலை ஆக்கலாம் என்று யோசித்தார். திருப்பூரில் உபாத்தியாயராக இருக்கும் எனக்கு அந்த யோசனை மிகவும் உவப்பாயிற்று. ஏனெனில் என் வகுப்பிலுள்ளவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனித் தொழிலாளரின் பிள்ளைகள். பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அவர்களில் அபூர்வம். அவர்கள் வீட்டார் தைத்த சட்டைகளோ உலகமெல்லாம் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆகவே முதல் பாடத்துக்கு நான் புத்தகத்தை எடுப்பதில்லை. காதர்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் ஏற்றுமதி மிச்சச் சட்டை ஒன்றைக் கொண்டுவரச் செய்து, அதன் உட்புறத் தையலில் இருக்கும் லேபிளைப் படிக்கச் சொல்லுவேன். தொட்டிக்குள் 30 அல்லது 40 என்று எழுதிய சித்திரம் எத்தனை டிகிரி வெந்நீரில் துவைக்கலாம் என்பதையும், பெருக்கல் குறியிட்ட முக்கோணம் வெளுப்பு மருந்து கூடாதென்பதையும், இஸ்திரிப்பெட்டிக்குள் இட்ட புள்ளிகள் துணி தாங்கும் சூட்டையும் குறிக்கின்றன என்று கண்டுகொண்டதும், தண்ணீரைக் காய்ச்சித் துணி துவைக்கும் அந்த மனிதர் யார், அவர் வீடு எப்படிப்பட்டது என்ற விசாரணை தானாகவே பிறந்துவிடுகிறது. பிறகு அச்சட்டையைப் பின்னோக்கித் தொடர்கிறோம்: தூத்துக்குடித் துறைமுகம், செக்கிங் மேஜை, பவர் டேபிள் என்னும் தையல் மேஜை, கட்டிங், சாயப்பட்டறை, நூற்பாலை, பருத்திக் காடு.

சாயப்பட்டறைக்கு வந்ததும் நான் அவசரப்படுவதில்லை. நொய்யல் நதியில் கலந்த சாயக்கழிவினால் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே பயிர்கள் பட்டுப்போனதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத ஏற்பாட்டைச் செய்துகொண்ட பிறகே அவை படிப்படியாகத் திறக்கப்பட்டதையும் இங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் அறியும். ஆனால் அவரவர் தரப்பை மட்டுமே அறியும். அதனால் பட்டறைக்காரர் மகன் விவசாயிக்காகவும், விவசாயியின் மகள் அன்று வேலையிழந்த கூலிக்காரருக்காகவும் பேசவேண்டும் என்று விதித்திருக்கிறேன். உள்ளூரானின் நியாயத்தையே காதுகொடுத்துக் கேட்கப் பழகாதவன் அந்நியனின் நியாயத்தை எங்ஙனம் கேட்பான்?

அதன் பிறகுதான் ஜெர்மனியிலுள்ள ஒரு வகுப்போடு திரைவழியே சந்திப்பு. நாம் பொங்கலைக் காட்ட, அவர்கள் பனியைக் காட்ட, இரு சாராரும் கைதட்டிக் கலைகிற சம்பிரதாயச் சந்திப்புகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒரே சட்டையின் விலை யார் யாருக்கு எவ்வளவு பிரிகிறது என்ற கணக்கை இரு தேசத்தாரும் கலந்த சிறு குழுக்கள் சேர்ந்து எழுதி முடிக்கவேண்டும். வேலை ஒன்று நடுவில் இருந்தால்தான் அபிப்பிராய பேதம் வரும், பேதம் வந்தால்தான் பழக்கம் வரும். நேரத்தைக் குறிக்கும் பொறுப்பையும் மாணவரிடமே விடுவது நல்லது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவதால், 3½ மணி வித்தியாசம் 4½ ஆகிவிடுகிறது என்பதை ஒருமுறை வெறும் திரையின் முன் காத்திருந்தவர்கள் பிற்பாடு மறப்பதே இல்லை.

ஒரு சந்திப்பில் ஜெர்மானிய இளைஞன் ஒருவன், "உங்கள் நதியை நீங்களே கெடுத்துக்கொண்டீர்களே?" என்று நேரடியாகக் கேட்டுவிட்டான். மறுதரப்பார் சொன்னதை அவர் ஒப்பும்படி திருப்பிச் சொன்ன பிறகே பதில் சொல்லவேண்டும் என்பது எங்கள் வகுப்பின் நியமம். விவசாயி மகளான எங்கள் மாணவி அவ்வாறே சொல்லி, அவன் தலையசைத்த பின், "நீங்கள் போட்டிருக்கும் சட்டைக்கு என்ன விலை கொடுத்தீர்கள்? தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவு அதில் சேர்ந்திருந்ததா?" என்று வினவினாள். அவனிடம் பதில் இல்லை. ஆனால் அடுத்த வாரமே தன் ஊர்க் கடைக்காரரை விசாரித்துக்கொண்டு வந்தான். கோபமும் மௌனமுமே அறிந்த நம் பிள்ளைகளுக்கு இந்த மூன்றாவது மார்க்கத்தைக் கற்பிப்பது அத்தியாவசியம்.

எனினும், இவ்வளவு சாமர்த்தியமாகப் பேசிய அதே வகுப்பில், சிறு யூனிட் நடத்தும் ஒருவரின் மகனிடம், "உங்கள் கம்பெனியில் பவர் டேபிளில் இருக்கும் ஒடிசாப் பையன் பெயர் என்னப்பா?" என்று கேட்டேன்.

"பேரெல்லாம் தெரியாதுங்க சார். இந்திக்காரப் பசங்கன்னுதானுங்க சொல்லுவோம்."

அந்தப் பருவத்தில் அவனுக்கு நான் கொடுத்த வேலை அந்தத் தொழிலாளியோடு உட்கார்ந்து டீ குடித்துப் பேசி வருவது. தாய்மொழி ஒடியா, சூபர்வைசரிடம் தமிழ், பக்கத்து மேஜைப் பீகார்க்காரனிடம் இந்தி என்று மூன்று பாஷைகளில் அவன் காலட்சேபம் செய்வதையும், புது ஊரில் வாடகை அறை பிடித்து, முகம் தெரியாதவர்களோடு சமைத்துண்டு வாழ்வதையும் மாணவன் வந்து சொன்னபோது, நாங்கள் பாடத்திட்டத்தில் எழுதிவைத்த தகுதிகள் பலவும் அத்தொழிலாளியிடம் பிரத்தியட்சமாக இருப்பதை வகுப்பே கண்டுகொண்டது. புலம்பெயர்ந்தவர் வாழாத ஊர் இன்று தமிழ்நாட்டில் அருமை. ஜெர்மனியைத் தேடுமுன் இவர்களைத் தேடுவதற்குச் செலவும் குறைவு.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவனை உலகறிந்தவன் என்று கொள்வது நம் காலேஜ்களின் நெடுநாள் மயக்கம். நதி கெட்டதற்குப் பொறுப்பு யார் என்ற ஒரே கேள்விக்குப் பருவ ஆரம்பத்திலும் முடிவிலும் விடை எழுதி வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அபிப்பிராயம் மாறியிருந்தால் எந்தச் சான்றினால் மாறிற்று என்பதற்கும், மாறாதிருந்தால் எதிர்வாதத்தில் எதை எடைபோட்டுத் தள்ளினான் என்பதற்கும் சமமான மார்க்கு உண்டு. எல்லாரிடமும் நியாயம் இருக்கிறது என்று பொதுவாக எழுதி மழுப்புகிறவனுக்கு மட்டும் கிடையாது.