ஆண்பால் ஹார்மோனும் பாலுணர்வு வேட்கையும்

பாலாற்று நீரைத் தேக்கிய பேத்தமங்களா ஏரி, கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் வழங்கியது. ஏரி நிறைந்தபின் வரும் நீர் கலிங்கு வழியே வெளியேறிவிடும். டெஸ்டோஸ்டிரோனுக்கும் ஆண்களின் வேட்கைக்கும் உள்ள உறவு ஏறக்குறைய இத்தகையதே. 1935-இல் செயற்கையாக ஆக்கப்பெற்ற இந்த ஹார்மோன், உடலில் உண்மையிலேயே குறைவுற்றோர்க்கே வேட்கையை மீட்டுத் தருகிறது. போதிய அளவு உடையோர்க்குக் கூடுதல் ஊசியால் பயன் சொற்பம். 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஹார்மோன் குறைந்த, 65 வயதெய்திய ஆண்களிடம் ஓராண்டுச் சிகிச்சை வேட்கையை மிதமாகவே உயர்த்தியது. நீரிழிவு, மனச்சோர்வு, மது ஆகியனவும் வேட்கையைத் தணிக்கக்கூடும். எனவே, காலை வேளையில் இருமுறை இரத்தத்தைச் சோதித்த பின்னரே சிகிச்சை தொடங்குதல் முறையாகும். பிள்ளைப்பேற்றை விரும்பும் இளைஞர் விளம்பரத்தை நம்பி இதனை நாடுவது பெருந்தவறு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரிச் சுரப்பி தன் தூண்டலை நிறுத்த, விந்தணு உற்பத்தி ஒடுங்கிவிடும்.